ஒரு வெள்வேல மரம், இரண்டு பெயர்

வியாழன், ஆடி மாதம்

தேன்கனிக்கோட்டை சாலையில் தொழிற்சாலை வரப்போகிற நிலத்துக்கு, நான் தயாரித்த மரப்பட்டியலோடு இன்று போயிருந்தேன். வெட்டுகிற மரங்களுக்குச் சிவப்பு பெயிண்ட், விடுகிற மரங்களுக்கு மஞ்சள். ஓர் இனத்தில் ஒரே மரம்தான் இருக்கிறது என்றால் அதை விட்டுவிட வேண்டும் என்று தொழிற்சாலைக்காரர்களோடு பேச்சு.

காவலாளி முனியப்பா, வாசலோர மரத்தைக் காட்டிக் கேட்டார். "சிவப்பு அடிச்ச அந்தப் பத்தும் வெள்வேலந்தான், இதுவும் வெள்வேலந்தான். இதுக்கு மட்டும் எதுக்குங்க மேடம் மஞ்சள்?"

பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பத்தையும் பழைய குறிப்பேட்டைப் பார்த்து அகேசியா என்று எழுதியிருக்கிறேன். இதை மட்டும் வச்செல்லியா என்று புதுப் பெயரில்; அதனால் பட்டியலில் இது தனி இனமாக, ஒரே மரமாக நின்றுவிட்டது. தாவரவியலாளர்கள் நம் வேல மரங்களைப் பிரித்து வேறு பெயர் வைத்து, பழைய பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு விட்டுவிட்ட கதையை வருடா வருடம் கல்லூரியில் பாடமாக நடத்துகிறவள் நான். வெட்கமாக இருந்தது.

"பாத்துச் சொல்றேங்க" என்று கிளம்பினேன்.

பெயரைத் திருத்தினால் இதற்கும் சிவப்புதான். முனியப்பா நாற்காலி போட்டிருப்பது இதன் அடியில்.

இப்போதுதான் திருத்தினேன். விடுவதற்கான காரணம் என்ற கட்டத்தில் 'ஒரே மரம்' என்பதை அடித்துவிட்டு, 'நிழல்' என்று எழுதினேன். ஒப்புக்கொள்வார்களோ என்னவோ.