வெள்ளச்சிக்குப் பின்னால்

கையை இரண்டு முறை கழுவியும் கயிற்று வாசனை போகவில்லை. குதிரை வேர்வையும் வேப்பெண்ணெயும் கலந்த இந்த வாசனையோடு நீங்கள் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நான் கத்துவேன். இன்று அதே கையோடு நானே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வெள்ளச்சியைச் செங்கல் சூளையிலிருந்து நீங்கள் ஓட்டிவந்தபோது, மார்பில் வண்டி வார் தேய்த்த காய்ப்பும் விலா எலும்புமாக இருந்தாள். "இத வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றேன். "மாப்ள ஏறப்போற குதிரடி இது" என்றீர்கள். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். நீங்கள் பாட்டுக்குக் கொள்ளு வேகவைத்தீர்கள்.

கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, "இன்னா சாதி குதிர? ஒசந்த சாதின்னா காது நுனி ரெண்டும் முட்டிக்கினு நிக்கும், இதுக்கு முட்டலையே" என்பார்கள். "குதிரைக்கும் சாதியா?" என்று சிரித்துவிட்டுச் சொல்வீர்கள்: "ராஜாவுக்குக் கப்பல்ல வந்ததும் நம்மூரு மட்டக் குதிரையும் கலந்து பொறந்த வம்சங்க. ராஜா போனதும் கல்வராயன் மலைக்கு உப்பு மூட்ட தூக்குச்சி. அப்பால வண்டி இழுத்துச்சி. ஆதியில மனுசன் ஏறின குதிரதான் இது, நடுவுல நாமதான் எறங்கிட்டோம்."

முதுகில் ஒரு துணியைப் போட்டாலே உதைப்பாள். முதலில் உமி மூட்டையைக் கட்டினீர்கள், தெருவெல்லாம் உமி. பிறகு, "நீதான் வெயிட்டு கம்மி" என்று என்னைக் குப்புறப் படுக்கவைத்தீர்கள். தெருவே சிரித்தது. மானம் போயிற்று என்று அழுதேன். ஆனாலும் அவள் நடந்தபோது உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி.

ஒன்றை மட்டும் உங்களாலும் மாற்ற முடியவில்லை. வண்டிக் குதிரைக்குக் கட்டளை பின்னாலிருந்துதான் வரும். மற்ற குதிரைக்காரர்கள் முன்னால் நின்று கடிவாளம் பிடிப்பார்கள். இவளோ முன்னால் ஆள் நின்றால் அசையமாட்டாள். மாப்பிள்ளை மேலே இருக்க, நீங்கள் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் "நட தாயி, நட" என்று சொல்லிக்கொண்டே போவீர்கள். ஊர்வலம் முழுக்க மேளத்தோடு முன்னால் ஆடிப்போகும். கடைசி ஆள் நீங்கள்.

போன வருடம் அந்தக் கடைசி ஊர்வலத்திலும் கடைசி ஆள் நீங்கள்தான். இருட்டுகிற நேரம், விளக்குப் போடாத லோடு வண்டி பின்னாலிருந்து வந்து உங்களை அடித்தது. நான் ஓடிவந்தபோது உங்களைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அவள் மட்டும் நடு ரோட்டில் நின்றாள். நாலு பேர் இழுத்தார்கள், ஒருவன் கழியால் அடித்தான். நான் பின்னால் போய் உங்கள் வார்த்தையைச் சொன்னேன். நடந்தாள். நீங்கள் திரும்பி வரவில்லை.

போன மாதம் சங்கராபுரத்திலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். முன்னால் நின்று இழுத்துப் பார்த்து, "இது வேலைக்கு ஆவாதும்மா. கறிக்கு வேணா கேக்கறன்" என்றார். நானும் முன்னால் நின்று கயிற்றைப் பிடித்து அவளை நடக்கப் பழக்கிப் பார்த்தேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் தேடினாள்.

அதனால் இன்று நானே ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போனேன். மகள் அழுதுகொண்டே என் ரவிக்கை முதுகில், வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை தைத்துவிட்டாள். "ஏதாச்சும் வண்டி சத்தம் கேட்டா திரும்பிப் பாரும்மா" என்று சத்தியம் வாங்கினாள்.

நீங்கள் ஏன் அன்று திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒரு வருடமாக உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இன்று பாலத்தருகே பின்னால் ஒரு லாரி வந்தது. "நட தாயி" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். என் குரல் அந்தப் பக்கம் போனதும் வெள்ளச்சி சட்டென்று நின்றாள், மேலே இருந்த மாப்பிள்ளைப் பையன் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான். லாரி ஒதுங்கிப் போயிற்று.

மறுபடியும் "நட தாயி, நட" என்றேன். அப்புறம் வீடு வரும்வரை எத்தனையோ வண்டிகள் வந்தன. நான் திரும்பவே இல்லைங்க.