காலியாகத் திறந்த ஃபோல்டர்

மாப்ள,

இன்று காலை கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் வந்தது. யூபிஎஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உன் ஞாபகம்தான். நீ கண்ணை மூடி ஐந்து வருஷம் ஆகியும் அது மாறவில்லை.

திருநகர் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்ததுதான் நாம் சேர்ந்து எடுத்த முதல் வேலை. விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ்தான் போடுவேன் என்று நின்றாய். ரிப்போர்ட்டுகள் உள்ளறை சர்வரில் இருக்கும். ரிப்போர்ட் டைப் செய்யும் செல்வியின் வாசல் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சர்வரின் டிரைவ் தானாக வந்து ஒரு ஃபோல்டரில் சேர்ந்துகொள்ளும். "செல்வி பட்டனை அமுக்குனாப் போதும்" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது நான்தான்.

ஒரு நாள் மதியம் நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். காலையில் செல்வி டைப் செய்த பதினோரு ரிப்போர்ட்டுகளைக் காணோம்.

"சேவ் பண்ணேண்ணே, சத்தியமா" என்று அழுதாள் அவள்.

"நாளையிலருந்து நீ வர வேணாம்" என்றார் டாக்டரம்மா. நானாவது சும்மா இருந்திருக்கலாம். நம் பேர் கெட்டுவிடுமே என்ற பயத்தில், "தெரியாம அழிச்சிருக்கும் மேடம்" என்றேன்.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவளிடம், "காலைல கரண்ட் போச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாய்.

போயிருந்தது. திரும்பி வந்ததும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றாக ஆன் ஆகியிருக்கின்றன. சர்வர் எழுந்திருக்க நேரமாகும். வாசல் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டது. டிரைவ் வராமல் ஃபோல்டர் காலியாகத் திறக்க, அவள் அதிலேயே சேவ் செய்துவிட்டாள். பிற்பாடு மறுபடி ஆன் செய்தபோது டிரைவ் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ள, அவள் சேவ் செய்தது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் மறைந்துவிட்டது.

உங்கள் வீட்டுச் சௌராஷ்டிர பாஷையில் உன்னையே திட்டிக்கொண்டு, கீபோர்டில் தட்டி அந்த ஃபோல்டரிலிருந்து டிரைவைக் கழற்றினாய். "பாய்க்கு அடியில கெடக்கு மாப்ள." பதினொன்றும் இருந்தன.

கண்டுபிடித்ததோடு நீ நிறுத்தியிருக்கலாம். "பிள்ளை மேல தப்பில்ல டாக்டரம்மா. சர்வர் வர்ற வரைக்கும் இந்தக் கம்ப்யூட்டர் காத்திருக்கணும், காலி ஃபோல்டர்ல சேவ் ஆகவே கூடாது. அதை நாங்கதான் செய்யாம விட்டுட்டோம்" என்றாய். டாக்டரம்மா பதினொன்றையும் திறந்து பார்த்தார். அப்புறம் செல்வியிடம், "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றார்.

அன்று எனக்கு மானம் போனது போல இருந்தது. இன்று உன் கூட்டாளி என்று சொல்லிக்கொள்வதைவிடப் பெரிய பெருமை எனக்கில்லை.

போன மாதம் வேறொரு அலுவலகத்தில் ஃபைல்கள் காணாமல் போய், பழி அங்கே டைப் செய்யும் பெண்மேல் விழ இருந்தது. "தப்பு எங்களோடது சார்" என்றேன். குரல் நடுங்கவே இல்லை, மாப்ள.