பத்தாவது பாட்டின் குரல்

அக்கா,

பத்தாவது பாட்டில், அந்தச் சென்னைப் பாடகி வாய் திறப்பதற்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு கேட்கிறது. இழுத்து, பாதியில் நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு. கேட்டதும் கடை ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அது என் மூச்சு. என் குரலை அழித்தவர்கள் அதை அழிக்க மறந்துவிட்டார்கள்.

நேற்று மதியம் உங்கள் அண்ணன் பத்துப் பாட்டையும் போனில் அனுப்பியிருந்தார். வெளியிடுவதற்கு முன் ஒருமுறை கேட்கச் சொல்லிப் பாடினவர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு பட்டியல். பத்துப் பாட்டு, பத்துப் பேர், இசை என்ற இடத்தில் உங்கள் பெயர். கடைசி வரியில் நன்றி என்று போட்டு என் பெயர், 'ட்ராக் பாடியவர்' என்று. நீங்கள் இறந்து ஐந்து மாதம் கழித்து உங்கள் ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். ஒன்பதாவது பாட்டு வரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்ற கதை உங்களுக்குத் தெரியும். எழுந்து வாசி என்றால் ஒரு சொல்லும் வெளியே வராது, வகுப்பு சிரிக்கும். ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. கருங்கல் ஊரில், நீங்கள் பாட்டுப் பதிவு செய்யும் மாடியறைக்குக் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். பெரிய மிஷின் ஓடும்போது மட்டும் பாடுவேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். பாட்டு வரிகளை நகலெடுக்க வந்த நீங்கள், எல்லாத் தாளும் வந்து விழுந்த பிறகும் போகாமல் நின்றீர்கள். "ஏட்டி, அந்த மிஷின இன்னும் கொஞ்சம் ஓட்டு" என்றீர்கள்.

உங்கள் வேலைமுறை அப்படி. ஒவ்வொரு பாட்டையும் வேறு வேறு ஆள் பாட வேண்டும். அவர்கள் மெட்டைப் பிடிப்பதற்காக முதலில் ஒருத்தி பாடிக் கொடுப்பதுதான் ட்ராக். அதைக் கேட்டு அவர்கள் பாடியதும், ட்ராக்கை அழித்துவிடுவீர்கள். குவைத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா டியூட்டி முடிந்து குளியலறையில் நின்று பாடி அனுப்பினார். தேங்காய்ப்பட்டணத்துப் படகுக்காரர் நேரிலேயே வந்தார். எதிரொலி வராமல் இருக்க நீங்கள் சுவர் முழுக்க மடித்துத் தொங்கவிட்டிருந்த பழைய வலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எனக்க வலையாக்கும். எங்க போச்சுன்னு தேடினேன்" என்றார். அன்று நீங்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு முறை பதிவு கெட்டது.

அவர்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தப் பாட்டுகளை நான் பாடியிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவேன். நீங்களும் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். என் குரல் அழிந்துபோவது எனக்குப் பிடித்தே இருந்தது அக்கா. பாடவும் செய்யலாம், ஒருவருக்கும் தெரியவும் வேண்டாம்.

பத்தாவதைப் பாடி முடித்த மத்தியானம் நீங்கள் வெகுநேரம் நாற்காலியைத் திருப்பவில்லை. பிறகு சொன்னீர்கள்: "இத ஒருத்தருக்கும் அனுப்ப மாட்டேன். இது ஒனக்க பாட்டாக்கும்."

என் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன். நீங்கள் கோபப்பட்டீர்கள், திட்டினீர்கள், நான் அழுதேன். கடைசியில் மற்ற ஒன்பதையும் போலவே கம்ப்யூட்டரில் 'ட்ராக் 10' என்று எழுதி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றீர்கள். அடுத்த வாரம் தக்கலைக்குப் போன உங்கள் ஸ்கூட்டர் திரும்பி வரவில்லை. எழுதியது எழுதினபடியே கிடந்தது. அதைப் பார்த்துத்தான் உங்கள் அண்ணன் பத்தாவதையும் வெறும் ட்ராக் என்று நினைத்து, சென்னைப் பாடகியைப் பாட வைத்து என் குரலை அழித்திருக்கிறார்.

இன்று காலையில் மாடியேறிப் போனேன். உங்கள் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். கல்ஃபிலிருந்து வந்த லீவு முழுவதையும் உங்கள் ஆல்பத்துக்கே கொடுத்திருக்கிறார். பத்தாவது என் பாட்டு என்று நீங்கள் சொன்னதைத் தரையைப் பார்த்தபடி சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை.

"மக்கா, அதில ட்ராக்னுதானே எழுதியிருக்கு. நான் எப்பிடி அறிய?"

"நான்தான் பேரு எழுதாண்டாம்னு சொன்னேன்."

"அப்ப இப்ப எதுக்கு வந்த?"

எனக்கு ஒன்று தெரியும். ட்ராக் முடிந்த அன்றைக்கே அதைப் பாட வேண்டியவருக்கு அனுப்பிவிடுவது உங்கள் வழக்கம். பத்தாவதை நீங்கள் யாருக்காவது அனுப்பியிருக்கிறீர்களா என்று உங்கள் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்க அவரிடம் சொன்னேன். அவர் தேடினார். அனுப்பியவை ஒன்பதுதான் இருந்தன. மறுபடியும் மேலிருந்து தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவளுக்க பேரு நாலு பேருக்குத் தெரியணும்னுதான் நான் கெடந்து ஓடுதேன். இந்தப் பாட்டுக்காரிய எல்லாருக்கும் தெரியும். ஒன்ன யாருக்குத் தெரியும்?"

"அக்காவுக்குத் தெரிஞ்சிது."

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எத்தனையோ முறை கேட்டு அந்தப் பாடகியைச் சம்மதிக்க வைத்தாராம். இப்போது எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது என்றார். "வேணும்னா நீயே கூப்பிட்டுச் சொல்லு" என்று நம்பரை எழுதி நீட்டினார். நான் கூப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் போன் செய்தால்கூட எடுக்காமல் படியேறி வந்து என்னவென்று கேட்கிறவள் என்று நீங்களே அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாடகி நன்றாகத்தான் பாடியிருக்கிறார். மேலே போகிற இடத்தில் என்னைவிட நன்றாக. அதனால் அந்தப் பாட்டு அவருடையதாகிவிடாது. ஒன்பது பாட்டுக்கு நான் முழு மனதோடு விலகி நின்றேன். பத்தாவதுக்கு நிற்க மாட்டேன். உங்கள் மேலும் கோபம் இருக்கிறது. நான் அழுதால் அழட்டும் என்று அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். இன்று நீங்கள் இருந்திருந்தால் இந்தச் சண்டையை உங்களிடம் விட்டுவிட்டு நான் மிஷினுக்குப் பின்னால் நின்றிருப்பேன். நீங்கள் இல்லை. அந்த மத்தியானம் நீங்கள் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

நம்பர் எழுதிய அந்தத் தாளை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். கடையில் மூன்று பேர் நகலெடுக்கக் காத்திருந்தார்கள். மிஷினை நிறுத்தினேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம்பரை அழுத்தினேன். அந்தப் பாடகிதான் எடுத்தார். யார் என்று கேட்டார்.

"நீங்க கேட்டது ட்ராக் இல்ல" என்றேன். "அது நான் பாடின பாட்டு. எனக்குத் திருப்பித் தரணும்."