மாப்பிள்ளைக்கு வாங்கிய பீர்

ராயபுரம்,
ஆகஸ்ட் 17, ஞாயிறு.

அன்பு மகள் கரோலினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இதை வாயால் சொல்லும் தைரியம் எனக்கு வராது. அதனால் உன் அம்மாவிடம் கோயம்புத்தூர் விலாசத்தைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன். படித்து முடித்தபின் நீ என்ன நினைத்தாலும் சரி.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகும்போது ஜூடியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தினமும் என்னைக் கேட்கிறாள், எனக்கு ஏதோ தெரிந்ததுபோல. ஜூடிக்குச் சளி விட்டதா? அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள். அவளுக்கு ஸ்வெட்டர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் கடைசியில், நம் கோயில் ராயப்பர் திருவிழா அன்று சாயங்காலம் நம் வீட்டில் நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூட முழுதாகக் கழற்ற மாட்டார். கண்டெய்னர் யார்டில் அவசரம், டிரெய்லரை எடுக்க வேண்டும் என்று பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். அதை நான் திமிர் என்று நினைத்தேன். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். எவனோடு சண்டை வந்தாலும் ஒரு பாட்டிலை நடுவில் வைத்து உட்கார்ந்தால் அதோடு தீர்ந்துவிடும். எனக்குத் தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான். திருவிழாவுக்கு நீங்கள் மூன்று பேரும் வருகிறீர்கள் என்றதும், மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

நல்ல பீராக இருக்க வேண்டும் என்று ஆசை. கப்பல் மெஸ்ஸில் வேலை பார்த்த ஜெகதீசனிடம் போய்க் கேட்டேன். அவன், "பச்ச பாட்டிலு பாக்கத்தான் ஷோக்கா இருக்கும் மாமு, வெளிச்சம் பட்டா ஒரு மாதிரி வாடை வந்துரும். பிரவுன் பாட்டிலா வாங்கு. தேதியப் பாரு. ஸ்ட்ராங் வாணாம், அது மண்டைக்குத்தான் ஏறும். குந்திப் பேசணும்னா லைட்டு வாங்கு" என்றான். நம் பக்கத்துக் கடைகளில் ஸ்ட்ராங் தவிர வேறு கிடைக்கவில்லை. பஸ் ஏறிப் போய் மூன்று கடை தேடினேன். கடைசிக் கடையில் ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கித் தேதி பார்த்ததில் கடைக்காரனே கடுப்பாகி, "பெர்சு, நீ பீரு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றான். சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் இதில் பாதிகூட விசாரிக்கவில்லை.

இரண்டு பாட்டில். ஃப்ரிட்ஜில் காய்கறிக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இது, அதுவும் திருவிழா அன்னிக்கி?" என்றாள். எனக்குத்தான் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அப்போதே கீழே கொட்டியிருப்பாள். மாப்பிள்ளை குடியை விட்ட கதை அவளுக்குத் தெரியும். நீ அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாய்.

நீயும் அம்மாவும் ஜூடியைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போனீர்கள். நான் கண்ணாடி டம்ளர் இரண்டைக் கழுவித் துடைத்து வைத்தேன். டம்ளரைச் சாய்த்து, நுரை பொங்காமல் ஊற்றி நீட்டினேன். மாப்பிள்ளை வாங்கவில்லை.

"நான் வுட்டுட்டேன் மாமா. பதினாலு மாசம் ஆச்சி" என்றார்.

ஆம், கரோலின். சொன்னார். தெளிவாகச் சொன்னார்.

நான் சிரித்துவிட்டு, "இது இன்னா சாராயமா? பீருதானே. மாமனாரு தேடிப் புட்ச்சி வாங்கியாந்து ஊத்திக் குடுக்கறேன், வாணான்றியே" என்றேன். அப்போதும் அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "கையெடுத்துக் கும்புடறேன் மாமா, வாணாம்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ எங்கூட குந்திக் குடிக்கறது உனக்குக் கேவலமா கீதா?" என்று கேட்டேன். அவர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இரண்டாவதை நான் ஊற்றவில்லை, அவரே ஊற்றிக்கொண்டார். நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசுவதற்காக வாங்கிய பீர் அது.

நீ வந்து வாசற்படியில் நின்றதும் உனக்கு வாடை தெரிந்துவிட்டது. "யாருப்பா குடுத்தது?" என்று என்னைத்தான் கேட்டாய். "நான் வாணாம்னுதாம்மா சொன்னேன். அவரே ஃப்ரிட்ஜத் தொறந்து எடுத்துக்கினாரு" என்றேன். மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடிக்க மாட்டேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கை அவர் தானாகவே மீறினார் என்று நம்பி, நீ ஜூடியைத் தூக்கிக்கொண்டு மாத்தூரில் உங்கள் வீட்டுக்குப் போனாய்.

அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மறுநாள் பீர், அதற்கு அடுத்த நாள் பிராந்தி. நான்காம் நாள் யார்டு கேட்டில் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொன்னார்கள், வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பத்தாம் நாள் உன்மேல் கை வைத்தார், நீ ஜூடியோடு கோயம்புத்தூர் போய்விட்டாய். அந்தக் கையை நான் ஓங்கவில்லை. அதற்குக் கணக்கு அவர்தான் சொல்ல வேண்டும். நான் ஊற்றியதைச் சொன்னால் நீ அதை மன்னிப்பாய் என்று நினைத்து இதை எழுதவில்லை.

உன் கல்யாணம் ஆன மறு வருஷம் ஒரு நாள் மத்தியானம் நீ தனியாக வந்தது நினைவிருக்கிறதா? ஜூடி அப்போது வயிற்றில் இருந்தாள். "தெனம் குடிச்சிட்டு வர்றாருப்பா, என்னால முடியல" என்றாய். நான் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "எவன்தான் குடிக்கல? நான் குடிக்கல? உங்கம்மா இன்னா செத்தா பூட்டா? போய் பொழப்பப் பாரு" என்றேன். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் உன்னை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அதன்பிறகு நீ என்னிடம் எதையும் சொன்னதில்லை. இந்தத் திருவிழாவுக்குப் பிறகு, அவர் விட்டதை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று உன் அம்மாவிடம் சத்தம் போட்டேன். அவள், "உன்கிட்ட சொல்லி இன்னா ஆவும்?" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் முன்னால் மாப்பிள்ளை இங்கே வந்தார். மறுபடியும் நிறுத்தியிருக்கிறார், அன்று ஒன்பதாம் நாள். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குத் தினமும் போகிறார். குடிக்கிறவர் வீட்டில் உட்காராதே என்று அங்கே முதலிலேயே சொல்லியிருந்தார்களாம். கல்யாணமான எட்டு வருஷத்தில் முதலெல்லாம் அவர் தன் குடியை மறைக்க ஒதுங்கினார், கடைசிப் பதினாலு மாசம் என் குடிக்குப் பயந்து ஒதுங்கினார். "நான் குடுத்தேன்னு அவகிட்ட ஏன்பா சொல்லல?" என்று கேட்டேன். "யாரு ஊத்துனா இன்னா மாமா, முழுங்குனது நான்தானே" என்றார்.

முந்தாநாள் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, திட்டவில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். இன்றுவரை அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

திரும்பி வா என்று நான் எழுத மாட்டேன். அவர் மறுபடி குடிக்கமாட்டார் என்று என்னால் உனக்கு எழுதிக் கொடுக்க முடியாது. போன வாரம் மாத்தூரில் ஜூடியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாற்றுச் சான்றிதழ் கேட்டேன். அவள் வகுப்பு ஆவுடையம்மாள் டீச்சர், "கொஞ்ச நாள் பொறுங்க பெரியவரே, பொண்ணுங்க கோவிச்சிக்கினு போனா தானா வந்துரும்" என்றார். "வராது டீச்சர். வர வாணாம்" என்றேன். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்பு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அந்தச் சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். அங்கேயே நல்ல பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்த்துவிடு. சேர்த்தாயிற்று என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்தோணியார் உன்னையும் குழந்தையையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா
சாலமன்