பொடிசுக்குள் வாயு எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறது

வெள்ளிக்கிழமை, காலை

என் பேச்சைக் கேட்டு நஷ்டப்பட்ட அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் நலமா? வானிலை அலுவலகத்தில் மழை அளவு எழுதும் வேலை எப்படிப் போகிறது? இன்னும் நாலு விசாரிப்பு எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஆனால் கை நிற்கவில்லை. நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. பொடிசுக்குள் வாயு எதிர்ப்பக்கம்தான் சுற்றுகிறது!

நேற்றிலிருந்து ஆறு முறை போன் அடித்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் சாப்பாடு ஆச்சா என்பதோடு வைத்திருப்பாய். உறையை முதலில் பிரிப்பது உன் அம்மாதான் என்பதால் அவருக்கும் புரியும்படி எழுதுகிறேன். அத்தை, நிதானமாகப் படியுங்கள். உங்கள் மருமகன் மூக்குடைபடும் இடங்கள் நிறைய வருகின்றன.

பொடிசு என்பது ஒரு குட்டி விண்மீன் மண்டலத்துக்கு உங்கள் மகள் வைத்த செல்லப்பெயர். பெரிய மண்டலத்தில் பத்தாயிரம் கோடி விண்மீன்கள் என்றால் இதில் சில கோடிதான். கிழடு தட்டிய மண்டலம். விண்மீன் பிறக்க வாயு வேண்டும், இதனிடம் இருந்த வாயு என்றைக்கோ தீர்ந்திருக்க வேண்டும். ஆனாலும் அங்கே புத்தம்புது விண்மீன்கள் தெரிகின்றன. எப்படி என்று பார்க்க, உங்கள் மகள் எங்கள் ஆய்வு நிலையத்தின் ரேடியோ ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி வாயு எப்படி நகர்கிறது என்று அளந்தாள். விண்மீன்கள் ஒரு பக்கம் சுற்ற, வாயு நேர் எதிர்ப்பக்கம் சுற்றியது. அப்படியானால் அது பொடிசின் சொந்த வாயு இல்லை, வெளியிலிருந்து வந்து விழுந்தது என்று கட்டுரை எழுதினாள்.

அச்சுக்குப் போகும் நேரத்தில் நான் மூக்கை நுழைத்தேன். நம்மை நோக்கி வரும் வாயுவின் அலை கொஞ்சம் நெருங்கி வரும், விலகிப் போவதன் அலை கொஞ்சம் தளர்ந்து வரும். கருவி இவற்றை வரிசையாக எழுதி வைக்கும். நீ அந்த வரிசையைத் தலைகீழாகப் படித்துவிட்டாய், வருவதைப் போவதாக எடுத்துக்கொண்டாய் என்றேன். அதையும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வைத்துச் சொன்னேன். நீ கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாய், மூன்றே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். அத்தை மட்டும் அன்றைக்கு உன்னிடம் கேட்டாராம்: "அவர் சொல்லிட்டா சரியாயிடுமா? நீயே இன்னொரு தரம் பாத்தியா?" அத்தை, உங்களை அல்லவா எங்கள் குழுவில் சேர்த்திருக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை பழைய பதிவுகளைப் புதுக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பொடிசைப் பார்த்த அதே நாளில், ஆன்டெனாவைச் சோதிக்க நீ ஒரு பெரிய மண்டலத்தையும் பார்த்திருக்கிறாய். அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது முதலாண்டு மாணவர்களுக்கே மனப்பாடம். நான் அன்று சரி என்று அடித்துச் சொன்னேனே, அந்த வரிசையில் படித்தேன். தலைகீழாகச் சுற்றியது. கணினிக் கோளாறு என்று நினைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் தலைகீழ்தான். உன் வரிசையில் படித்தேன், ஒழுங்காகச் சுற்றியது.

ஆன்டெனா வாங்கும் அலையைப் பதியும் ரிசீவர் பெட்டியைப் பொருத்திய மெக்கானிக்கிடம் ஓடினேன். "அந்த வருஷம் புதுப் பெட்டி மாட்டினோமே சார். அது பழசுக்கு நேர்மாறாத்தான் எழுதும். பின்னாடி சீட்டுகூட ஒட்டி வச்சேனே" என்றார். சீட்டு இன்னமும் இருக்கிறது. உன் கணினி நிரலிலும் அதற்கான வரியை முறையாக எழுதியிருக்கிறாய். நான்தான் பழைய பெட்டியின் கையேட்டை வைத்துக்கொண்டு உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். நான் பேசிய வேகத்தில் உனக்கே உன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

நேற்று பகல் முழுக்க ஆன்டெனாவைக் கெஞ்சி வாங்கிப் பொடிசைப் பார்த்தேன். படம் திரையில் ஏற ஏற, நீ வரைந்ததே வருகிறது! விண்மீன்கள் விலகிப் போகும் பக்கத்தில் வாயு நம்மை நோக்கி வருகிறது. அதற்கும் மேலே ஒன்று, நீ பார்க்காதது. பொடிசுக்கு வெளியே மெல்லிய வால் மாதிரி வாயு நீண்டு, உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது வந்து மோதும் இடத்தின் மேல் நீ வைத்திருந்த பொடிசின் பழைய புகைப்படத்தை வைத்துப் பார்த்தேன். புது விண்மீன்கள் சரியாக அங்கேதான், ஆறு கொத்து. ஆன்டெனா ஆபரேட்டரைக் கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடியின் காம்பு உடைந்துவிட்டது. நூலால் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இனி அவசரம். இன்னொரு குழுவும் பொடிசைப் பார்த்திருக்கிறது, மூன்று வாரத்தில் வெளியிடப் போகிறார்களாம். எங்கள் நிலைய இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "அவங்கதான் விலகிட்டாங்களே, உங்க பேர்ல எழுதிடுங்க" என்றார். முடியாது என்றேன். பதினான்கு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது. உன் கண்டுபிடிப்பை ஒரு தடவை பறித்தது போதும்.

உன் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, புதுப் படத்தை மட்டும் பின்னால் சேர்த்திருக்கிறேன். தவறு என்னுடையது என்று ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் நகலும் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருத்த வேண்டும். என்னை மன்னிக்க அவசரப்படாதே. கட்டுரையில் கையெழுத்துப் போட மட்டும் அவசரப்படு, கெஞ்சிக் கேட்கிறேன்.

தலைப்புக்குக் கீழே உன் பெயரை எழுதியிருக்கிறேன். பக்கத்தில் என் பெயரை எழுதவில்லை, இடம் மட்டும் விட்டிருக்கிறேன். அங்கே எழுதுவதும், அப்படியே விட்டுவிடுவதும் உன் இஷ்டம். எப்படியானாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தப்பாகப் படித்தவன்