நினைவில்லை என்றேன்

பிப்ரவரி 6

மலைக்குள்ளே மின்நிலையம் குடையப் போகிறார்களாம். பாறை எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறதென்று முதலில் அளக்க, என் சர்க்கரைவள்ளிப் பாத்திக்கு மேலே துளை போடுகிறார்கள். பாசிதாவின் மகன் ஆர்செனியோவுக்கு அங்கே பம்பு வேலை. இன்று வந்து கேட்டான்.

"பாட்டி, அந்தக் காலத்துல தங்கம் தோண்டின பொந்து ஏதாவது இந்தச் சரிவுக்குள்ள ஓடுதா? உங்களைக் கேட்டாத் தெரியும்னு ஊரே சொல்லுது."

தெரியும். என் அண்ணன் குடைந்தது. வாய் மண்மூடிக் கிடக்கிறது. ஆனால் கேட்டவன் பாசிதா மகன். அவள் மாமனார் கொடுத்த ஊர் விருந்தில் அவள் கையால் வீட்டுக்கு வீடு பன்றிக்கறிப் பங்கு போனது, என் வீட்டைத் தவிர. என் மூத்தவள் அப்போது வயிற்றில்.

"நினைவில்லையேப்பா" என்றேன்.

"பரவால்ல பாட்டி, வயசாச்சுல்ல."

வயசாச்சாம்!

பிப்ரவரி 11

துளைக்குள் இரண்டு ரப்பர் பைகளை இறக்கி ஊதி, மேலும் கீழும் அடைத்து, நடுவில் தண்ணீரை அழுத்துகிறார்கள். பாறை விரிசல் விடும்போது இருக்கும் அழுத்தம்தான் கணக்காம். ஆனால் அழுத்தம் ஏறவே இல்லை. தண்ணீர் எங்கோ போகிறது.

எங்கே போகிறதென்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 12

மணிலாவிலிருந்து வந்த பொறியாளர் மாரிவிக் ஆர்செனியோவைப் பார்த்துப் போட்ட சத்தம் பாத்தி வரைக்கும் கேட்டது.

"பையைக் கிழிச்சுட்டு மறைக்கிறியா?"

"சத்தியமா இல்ல மேடம், பை நல்லாத்தான் இருக்கு."

"அப்போ தண்ணிய நீ குடிச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 13

ஆர்செனியோவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 15

என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். பங்கு தராதவள் பாசிதா. இவன் அப்போ பிறக்கக்கூட இல்லையேடி — இவன் வாயில ஏன் மண்ணைப் போட்டே?

பிப்ரவரி 16

துளை போடுகிற இடத்துக்கே போய்விட்டேன். மாரிவிக்கின் கையைப் பிடித்து இழுத்துப்போய் இடத்தைக் காட்டினேன். தோண்டினார்கள். பொந்துக்குள் தண்ணீர் தேங்கி நின்றது.

"முதல்லயே ஏன் சொல்லல?" என்றாள்.

பூட்ஸை எடுத்துப் போக வந்திருந்த ஆர்செனியோ முந்திக்கொண்டான். "அவங்களுக்கு மறதி மேடம். பாவம், இப்பத்தான் ஞாபகம் வந்திருக்கும்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மார்ச் 3

பொந்தை விட்டுத் தள்ளிப் போட்ட புதுத் துளையில் அழுத்தம் ஏறிப் பாறை விரிசல் விட்டதாம். பம்பில் மறுபடியும் ஆர்செனியோதான். துளைச் சுவரில் அழுத்தி எடுத்த ரப்பர் உறையைக் கொண்டுவந்து காட்டினான். விரிசல் ஒரு கோடாக அதில் பதிந்திருந்தது.

"இந்தக் கோடு போற திக்குலதான் மலை ரொம்ப நெருக்குது பாட்டி."

நான் மறந்துவிடுவேன் என்று இன்னொரு தரம் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். சொல்லிடு, இப்பவே சொல்லிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

மார்ச் 19

கீழ்ப் படிவயலுக்கு எது எல்லைக் கல் என்று ஊரில் ஒரு அண்ணன் தம்பிக்குள் தகராறு. ஊர்க்காரர்கள் என் வாசலைத் தாண்டி, இன்னொரு கிழவி மார்த்தினாவைக் கேட்கப் போனார்கள். அவள் தப்பான கல்லைக் காட்டினாள்.

"அது இல்ல, ஓடைப்பக்கத்துக் கல்லு!" என்று ஓடினேன்.

"சரி பாட்டி, சரி. வெயில்ல நிக்காதீங்க" என்று என்னை மெதுவாகக் கொண்டுபோய் நிழலில் உட்காரவைத்தார்கள்.