டாக்டர் முன்னால் விறைத்து நின்ற சகலைக்கு

மேல போயும் நாலு பேரை வரிசையில நிறுத்தி அதட்டிக்கிட்டிருக்கிற என் அன்புச் சகலைக்கு,

எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கிடும். பட்டாளத்துல நீரு துப்பாக்கி பிடிச்சீரு, நான் சமையல்கட்டுல கரண்டி பிடிச்சேன். கரண்டி பிடிச்ச கை இப்படித்தான் எழுதும்.

நீரு போய் எட்டு மாசம் ஆச்சு. கல்லிடைக்குறிச்சியில எல்லாரும் சுகம். நான்தான் கொஞ்சம் களைச்சுப் போனேன் வே. நாலு படி ஏறினா இடது தோளுல இருந்து முழங்கை வரைக்கும் இழுக்கு. நின்னா விட்டுருது. ஒரு மாசமா இதே கதைதான்.

வீட்டுல ரெண்டு கட்சி. மஸ்கட்டுல இருக்கிற மகன், "பிரைவேட்டுல காட்டுங்கப்பா, ஒரே நாள்ல எல்லாம் பார்த்துருவாங்க"ங்கான். உம்ம கொழுந்தியா, "பட்டாளத்துல வெந்து வாங்கின ஆஸ்பத்திரிக் கார்டை வச்சுப் பட்டம் விடவா?"ன்னு கேக்கா. ரெண்டும் நியாயந்தான். நம்ம பட்டாளத்துக் கிளினிக்குல மாத்திரை இனாம், தேவைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுப்பாவ. ஆனா விடியப் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனா மத்தியானம் ஆயிரும். பிரைவேட்டுல குளுகுளுன்னு உட்காரலாம், ஆனா ஒரு வலிக்குப் போனா ஒம்பது படம் எடுப்பான்.

மூணாவது கட்சி உம்ம வீட்டம்மா, மதினி. "அந்தக் கிளினிக்குதான் உங்க அண்ணாச்சியைக் காவு வாங்கிட்டு. வயித்துக்குள்ள புத்து வளர்ந்தது தெரியாத டாக்டரு! தம்பி, நீங்களும் அங்க போனா உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு அழுதாவ.

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னு உமக்குத் தெரியும்.

அன்னைக்கு அந்த டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேருந்தானே உள்ள போனோம்? வெளிய பெஞ்சுல வச்சு, "ரெண்டு வாரமா ரத்தமாப் போகுதுலே"ன்னு எங்கிட்டச் சொன்னீரு. உள்ள போனதும், டாக்டரு பழைய மேஜருன்னு தெரிஞ்ச உடனே, செருப்புக் காலை ஒட்டி வச்சு விறைச்சு நின்னீரு.

"எப்படி இருக்கீங்க?"

"ஃபிட் சார்!"

"வேற ஒண்ணும் இல்லையா?"

"நோ சார்!"

பாவம், அந்த மனுசன் ரெண்டு தரம் கேட்டாரு. சீக்குன்னா டூட்டிக்கு டிமிக்கி கொடுக்கான்னு நினைப்பாவன்னு, ரிட்டயர் ஆன பொறவுமா பயம்?

நானாவது வாயைத் திறந்திருக்கலாம். வெளிய வந்து, "அவில்தாரே, இப்பவே பார்டருக்கு அனுப்பலாம் போலிருக்கே"ன்னு கேலி பண்ணினேன். நீரும் சிரிச்சீரு. அந்தச் சிரிப்பு ஏன் எனக்கு வலியாத் தெரியலை?

நேத்து மதினிக்குத் தெரியாம அங்க போனேன். அதே மேஜரு. உம்மைக் கேலி பண்ணின நான் மட்டும் என்ன கிழிச்சேன்? காலு தானா ஒட்டிக்கிட்டு. "பிரஷர் மாத்திரை தீர்ந்துட்டு, அவ்வளவுதான் சார்." திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேருறதுக்கு முன்ன மூணு இடத்துல நின்னேன்.

எந்த ஆஸ்பத்திரின்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சோம். வாய்க்குப் பூட்டுப் போட்டவனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்ன செய்யும், சொல்லும்?

நாளைக்கு மறுபடி அங்கதான் போறேன். மதினியும் வாராவ. "அந்த டாக்டரை நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு சொல்லுவீங்கள்லா, வாங்க"ன்னு கூப்பிட்டேன், உடனே சரின்னுட்டாவ. பஸ்ஸு சேரன்மாதேவி தாண்டுறதுக்குள்ள, நீரு மறைச்சதையும், பக்கத்துல நின்ன நான் வாயை மூடிக்கிட்டதையும் சொல்லிருவேன். அவுக என்னைத் திட்டட்டும். அடிச்சாலும் சரி, உம்ம பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கிடுதேன். அந்த மேஜரு மேல இருக்கிற பழி மட்டும் இறங்கட்டும்.

உள்ள போனதும், அவரு சொல்லுறதுக்கு முன்னயே நாற்காலியில உட்கார்ந்துருவேன். மதினி கேக்கும்படியா, "வலிக்குது சார்"னு சொல்லுவேன். இது சத்தியம் வே.

இப்படிக்கு,
உம்ம கொழுந்தியா புருசன்,
இன்னும் உசுரோட இருக்கணும்னு ஆசைப்படுத
மாடசாமி